கழற்றிய வண்டியின் எண்

1

"எந்த வண்டியில இருந்து கழட்டுனதுங்க இது? நம்பரச் சொல்லுங்க."

ராசாத்தி இதைக் கேட்டிருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கருப்பண்ணன் தெளிவாகச் சொல்லியிருந்தார். "வெல கேளு. தேஞ்சிருக்குதான்னு கேளு. பல்லு உடஞ்சிருக்குதான்னு வெரல உட்டுப் பாரு. எந்த வண்டின்னு மட்டும் ஆருகிட்டயும் கேட்றாத சாமி. இந்தத் தொழில்ல அது ஒருத்தன் பொறப்பக் கேக்கற மாதிரி."

கேட்டுவிட்டாள். சாக்கில் சுற்றிய கியர்பாக்ஸைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்த ஆள் (சேலத்துக்காரன், பெயர் வேண்டாம், இதற்குமேல் கதையில் வரமாட்டான்) அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பண்ணனைப் பார்த்தான்.

"ஏனுங்க, புள்ள புதுசுங்களா?"

"படிச்ச புள்ள," என்றார் கருப்பண்ணன், ஏதோ நோயைச் சொல்வதுபோல. "நீ உள்ள கொண்டுபோய் எறக்கு."

அவளை இப்படியே நிற்கவைத்துவிட்டு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கதை எங்கிருந்து கழற்றியது என்று நீங்கள் என்னைக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வாழவந்திக்குப் போன ஒரு ஜீப்பின் முன்சீட்டில் இது கிடைத்தது. ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி, வயிற்றுவலிக்காரன்போல ஒரு முனகல் விட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். டிரைவர் சொன்னார்: "கியர்பாக்ஸுங்க. என்ற பழைய வண்டியோடது. வண்டி திருடு போச்சு. ஒரு நா கடைக்குப் போறேன், இது மட்டும் அங்க ஒக்காந்திருக்குது. நானே காசு குடுத்து வாங்கி மாட்டிக்கிட்டனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். நல்ல பகடிதான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சிரிப்பு மட்டும்தான் அசல். மற்றதெல்லாம் வேறு வேறு இடங்களில் கழற்றி மாட்டியது. முடிந்தவரை அங்கங்கே, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு கட்டிவிடுகிறேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்களில் இரண்டு:

பனி விலகாத ஒரு காலையில் ஏரிக்கரை ஓரமாக ராசாத்தி நடந்து—

[நிறுத்திவிட்டேன். ஏற்காடு என்றதும் பனியை இறக்கிவிடுவது ரூம் எடுத்துத் தங்க வருகிறவர்களின் பழக்கம். இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பனி என்றால் துவைத்த பாவாடை காயாது. வேறொன்றும் இல்லை.]

ஒரு வண்டி திருடு போனால் அது முழுதாக எங்கும் போவதில்லை—

[இது கட்டுரை. ஆனால் இதை விட மனமில்லை.]

முழு வண்டிக்கு எண் உண்டு, ஆர்.சி. புத்தகம் உண்டு. செக்போஸ்ட்டில் நிறுத்தினால் வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். பிரித்துப்போட்ட வண்டியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கதவு வெறும் கதவு. ஆக்சில் வெறும் இரும்பு. அதை வாங்குகிறவனைத் திருடன் என்று சொல்ல முடியாது. இந்த ஏற்றத்தில் பிரேக்கும் கியரும் சீக்கிரம் தேயும், புதுசு வாங்க வக்கில்லை, பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்குகிறான். அவன் வாங்குவதால் இன்னொருவன் திருடுகிறான். கொஞ்ச நாள் போனால் வாங்கியவன் வண்டியே காணாமல் போகிறது. அதன் கதவை வேறொருவன் பாதி விலைக்கு வாங்குகிறான். இப்படியே போய், ஒருவன் வண்டியில் இன்னொருவன் வண்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் தன் வண்டிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மாதப்பனின் ஜீப் போனது கிளியூரில், அவர் வீட்டுக்கு மேலே ரோட்டு முனையில் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து. மாதப்பன் ராசாத்தியின் அப்பா. அவருடைய பாட்டன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பி எஸ்டேட் வேலைக்கு மேலே வந்த குடும்பம். எஸ்டேட் லைன் வீட்டிலேயே பிறந்து, அங்கேயே மூட்டை தூக்கி, ஒரு வழியாக ஒரு ஜீப்புக்குச் சொந்தக்காரராகி, காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கி, அந்த ஓட்டத்தில் மகளைச் சேலத்துக் கல்லூரியில் பி.காம். படிக்கவைத்தார். அவள் கடைசிப் பரீட்சை எழுதிய மாதம் வண்டி போனது. மறுபடி மூட்டைக்கே போனார். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறார்.

(சீட்டு: அந்த முழங்கால் எங்கள் வீட்டிலிருந்து எடுத்தது.)

3

கதைக்குள் அரசாங்கம் நான்தான். ஓர் உத்தரவு போடுகிறேன்.

பழைய பாகம் விற்கும் கடைகள் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு தகரச் சீட்டு கட்ட வேண்டும். 'கழற்றிய வண்டியின் எண்' என்று அதில் ஓர் இடம். கீழே, பொறுப்பாளர் கையெழுத்து. பொறுப்பாளர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும்.

கடைசி வரியையும் நான்தான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் ஏற்காடு பஜாரில் பழைய ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் கருப்பண்ணனுக்கு ராசாத்தி எதற்கு? 'நம்ம மாதப்பன் பொண்ணு படிச்சுட்டுச் சும்மாதான இருக்குது, அனுப்பி வை' என்றார். அத்தாயிக்கு, அதாவது ராசாத்தியின் அம்மாவுக்கு, சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மகள் ஃபேன் அடியில் உட்கார்ந்து பேனா பிடிக்கப் போகிறாள்!

எங்கள் மாதிரி வீடுகளில் முதலில் படித்தவளுக்கு என்ன மரியாதை என்று சொல்கிறேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுப் பேரனுக்கு ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் என்ன படித்தாள் என்று கேட்கமாட்டார்கள். அவள் கை வேண்டும். அந்தக் கையை வைத்து யார் என்ன செய்துகொள்கிறார்கள் என்பது அவளுக்கே பிறகுதான் தெரியும்.

தகரச் சீட்டை எப்படி ஏமாற்றுவது என்று கருப்பண்ணன் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கடைக்குப் பின்னால் ஒரு செத்த ஜீப் கிடந்தது. முறையாக வாங்கியது, முறையாக உடைத்தது, எல்லாக் காகிதமும் இருந்தது. பூசணிக்கொடி ஏறி, ஸ்டியரிங் இருந்த இடத்தில் காய் தொங்கியது. வரும் பாகங்களுக்கெல்லாம் அந்த வண்டியின் எண்தான். ராசாத்தி கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தாள்.

"ஏனுங்க மொதலாளி, இந்த ஒரு வண்டிக்கு எத்தன கியர்பாக்ஸுங்க?"

"நல்ல வம்சம் கண்ணு அது. ஈனிக்கிட்டே இருக்குது. எழுது."

உள்ளே பாகங்களில் பொறித்த எண்களைக் கிரைண்டரில் அரைத்து அழித்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஏசுராஜ் குரல் கொடுத்தான். "கன்னுக்குட்டிக்கெல்லாம் பேரு வெக்கறதுதான் பாப்பா உன்ற வேல."

கருப்பண்ணனைக் கெட்டவனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராசாத்தியைத் தப்பாகப் பார்க்கவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் அப்படிப் பார்க்க மறுத்துவிட்டார். அத்தாயிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர்தான். எனக்கு அவரை வெறுக்க வேண்டும். அவரோ எனக்கு உதவமாட்டேன் என்கிறார்.

வேடியப்பன் வரும் நாட்களில்தான் இது இன்னும் மோசமாகும். வேடியப்பன் வாழவந்திக்காரர். அவர் ஜீப்பும் காணாமல் போய்விட்டது. சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். தன் வண்டி எண்ணை, செத்துப்போன பிள்ளையின் பேரைச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, "அந்த மாதிரி எதாச்சும் வந்துச்சுங்களாண்ணா?" என்பார்.

"வந்தா சொல்லமாட்டனா வேடியப்பா? டீ குடி."

"கியர் ராடுல என்ற பாப்பாவோட கருப்பு வளவி போட்டிருப்பனுங்க. அத வெச்சுக் கண்டுபுடிச்சரலாம்."

"குடி. ஆறிப்போவுது."

கருப்பண்ணனின் கண் அப்போது கலங்கும். நான் கலங்கவைக்கவில்லை. தானாகக் கலங்குகிறது.

4

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கருப்பண்ணன் பூ வாங்கப் போயிருந்தார். போகும்போது, "உள்ளார சாமித் தட்டத் தொடச்சு வை சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். உள் அறைக்குள் ராசாத்தி அதுவரை போனதில்லை. போகத் தேவை இருந்ததில்லை.

கிரைண்டருக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. நடுவில் சேர்வராயன் படம், ஒரு விளக்கு. அது சரி. அதற்கு இரண்டு பக்கமும்தான் அவளுக்குப் புரியவில்லை. மஞ்சள் கயிறுகள். காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம் பழம். ஒரு பித்தளை வேல். அந்தோணியார் டாலர். 786 எழுதிய தகடு. தாயத்துகள். எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்திருந்தது. 786-க்கும் வைத்திருந்தது.

"இதெல்லாம் என்னங்கண்ணா?"

ஏசுராஜ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "வர்ற வண்டியில மாட்டியிருக்கறதுதான் பாப்பா. நம்பர அரைச்சரலாம். சாமிய அரைக்க முடியுமா? குப்பையில போடவும் கை வரமாட்டேங்குது. கழட்டித் தட்டுல வெச்சிரு, வெளக்குப் போட்டரலாம்னுட்டாரு மொதலாளி."

"எல்லா சாமிக்குமா?"

"கோவிச்சுக்கிட்டா எல்லா சாமியும் ஒண்ணுதான்."

அவள் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். சேஸ் எண் போய்விட்டது, என்ஜின் எண் போய்விட்டது, பெயின்ட் மாறிவிட்டது. அறுத்து வந்த அத்தனை வண்டியும் இந்தப் பலகையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. போலீசுக்குப் பயப்படாத இரண்டு பேர் இதற்குப் பயந்து எல்லாச் சாட்சியையும் தாங்களே சேர்த்துவைத்து, தினமும் எண்ணெய் ஊற்றிப் பாதுகாத்திருக்கிறார்கள்.

ஒரு குழந்தையின் கருப்பு வளையல் இருந்தது.

"அது வாழவந்தி வண்டி," என்றான் ஏசுராஜ். "நல்ல ஆக்சிலு. உங்கப்பாவுக்குக் கட்டற வண்டிக்குத்தான் எடுத்து வெச்சிருக்குது."

மாதப்பனுக்குக் கருப்பண்ணன் ஒரு ஜீப் கட்டித் தருகிறார் என்பதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் விலைக்கு வந்த ஒரு வெறும் கூடு, அதற்குப் புத்தகம் இருந்தது. மீதியைக் கடையிலிருந்து மாட்டி ஓட விடுவது. கொஞ்சம் கொஞ்சமாக ராசாத்தியின் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வீட்டில் அந்த ஜீப்பைத் தவிர வேறு பேச்சே இல்லாதிருந்த சமயம் அது.

வளையலை வைத்துவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள். வெள்ளியில் தட்டிய கண்மலர். கோயிலில் வேண்டிக்கொண்டு சாத்துவதற்கு ஜோடியாக விற்பார்களே, அதில் ஒற்றைக் கண். கருமணி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆணி ஓட்டை.

மாதப்பன் புது ஜீப்பைச் சேர்வராயன் கோயிலுக்கு ஓட்டிப்போன அன்று அத்தாயி ஒரு ஜோடி வாங்கினாள். ஒன்று சாமிக்கு, ஒன்று வண்டிக்கு. மாதப்பன் அவசரத்தில் நட்ட நடுவில் ஆணியை வைத்து அடித்துவிட்டார். "ஏனுங்க! சாமி கண்ணுலயே அடிக்கறீங்களே!" என்று அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிச்சாத்தான் மூடாம இருக்கும். மலையில ஓட்டற வண்டி," என்றார் மாதப்பன். பின்சீட்டில் ராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உலகத்தில் வேறு எந்த மனிதனும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

5

இந்தக் கண்மலர்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கதைக்கு என்றே செய்ததுபோல மினுங்குகிறது. ஜீப்பில் என்னோடு வந்தவர் தன் கியர்பாக்ஸைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார். காகிதத்தில் அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்காதே என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தேடினேன். முதலில் ஸ்டிக்கர் வைத்துப் பார்த்தேன், கிழிந்துவிடும். மஞ்சள் கயிறு எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி. ஆணி அடித்த கண் நின்றுவிட்டது.

(சீட்டு: ஆணியைத் தப்பான இடத்தில் அடிக்கும் பழக்கம், அதே முழங்கால்காரருடையது.)

வேறு எதையாவது நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். பலகையை மட்டும் கழற்றாதீர்கள்.

6

கண்மலரை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தாள். மாதப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார். எச்சில் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

[இந்த இடத்தில் அவர் அழுவதாக எழுதினேன். பிறகு அதிர்ச்சியடைவதாக எழுதினேன். இரண்டுமே பொய்யாகப் பட்டது. ஏன் என்று தெரியாமல் இந்த வரியைப் பல நாள் விட்டுவைத்தேன். பிறகு தெரிந்தது: அவருக்கு முன்பே தெரியும்.]

"கொண்டுபோய் அங்கயே வெச்சிரு கண்ணு," என்றார். "அங்க வெளக்காச்சும் எரியுது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்ற வண்டி வந்து எறங்குன வாரமே தெரியும். கருப்பண்ணனே கூப்புட்டுச் சொன்னான். சாக்கப் பிரிச்சப்பறம்தான் அவனுக்கே தெரிஞ்சுதாமா. கியர்பாக்ஸ மட்டும் விக்காம வெச்சிருக்கறான். எனக்குக் கட்டற வண்டியில அதத்தான் மாட்டறான்."

"தெரிஞ்சுமா என்னய அங்க வேலைக்கு அனுப்புனீங்க?"

"தெரிஞ்சதனாலதான் அனுப்புனேன்." சோற்றைப் பிசைந்தார். "வண்டியக் கேட்டா எப்பிடிக் குடுப்பான்? அது அதுக்குள்ள நாலு ஊருக்குப் போயிருச்சு. புள்ள படிச்சிருக்குது, ஒரு வேல குடுன்னேன். செரின்னு, ஊருக்கு முன்னால அவனே வந்து கேக்கற மாதிரி கேட்டான். அப்பறம் அவனா வந்து வண்டி கட்டித் தர்றேன்னான்."

அத்தாயி அடுப்பருகிலிருந்து திரும்பவே இல்லை. அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரியும்.

ராசாத்தி கண்மலரை எடுத்துத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள். பி.காம். முதல் வகுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்த வேலை. அப்பாவின் ஜீப்புக்கு ஈடாக அவளைக் கொடுத்திருந்தார்கள். ஒரு பாகத்தைக் கழற்றிய இடத்தில் இன்னொரு பாகத்தை மாட்டுவதுபோல. யாரும் அவளை ஏமாற்றவில்லை. எல்லோரும் அவள் நல்லதுக்குத்தான் செய்தார்கள்.

"உங்க வண்டிக்கு மாட்டற ஆக்சிலு வாழவந்தி வேடியப்பண்ணனோடது. அவரு சந்தைக்குச் சந்தை வந்து ஒக்காந்து கேக்கறாருங்கப்பா."

"என்ற வண்டிய அறுத்தப்ப ஆரு வந்து கேட்டா?"

"போலீஸ்ல சொல்லீருக்கோணும்."

"ஸ்டேஷனுக்குப் பின்னால போய்ப் பாத்திருக்கறயா? கண்டுபுடிச்ச வண்டியெல்லாம் அங்கதான் கெடக்குது. கேசு முடியங்காட்டி மரமே மொளச்சுருது. காணாமப் போன வண்டின்னா எங்கியோ ஓடுதுன்னு ஒரு நெனப்பாச்சும் இருக்கும்." அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டுக்கொண்டே அவர்மேல் அவளுக்கு இருந்த கோபத்தை என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை.

"வெள்ளிக்கெழம வண்டி எடுக்கறோம்," என்றார் மாதப்பன். "சீட்டுல கையெழுத்துப் போட்டுரு சாமி. அந்தச் செத்த ஜீப்பு நம்பரே போட்டுரு. அது போதும்."

7

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் பல முடிவுகள் இருந்தன.

ராசாத்தி கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். மாதப்பன் மறுபடி பெண்களை ஏற்றி இறக்குகிறார், முழங்கால் தப்பிக்கிறது. வேடியப்பன் பெஞ்சில் டீ குடிக்கிறார். இதுதான் நடக்கக்கூடியது. இப்படித்தான் நடந்துகொண்டும் இருக்கிறது. அதற்கு ஒரு கதை தேவையில்லை.

கருப்பண்ணன் மனம் மாறி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். ஒரு பக்கம் எழுதினேன். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

எழுதியதைப் படித்த ஒரு சிநேகிதி, அந்த ஜீப் கொண்டை ஊசி வளைவில் உருளட்டும் என்றாள். திருட்டுப் பாகம் உடைந்து உருண்டால் கதைக்கு நீதி வந்துவிடுமாம். அந்த ஜீப்பில் பின்னால் பழம் பறிக்கப் போகிற பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நீதி சொல்வதற்காக அவர்களைப் பள்ளத்தில் தள்ள என்னால் ஆகாது. ஏற்கெனவே ஆளாளுக்கு அவர்களைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போலீஸ் வந்து, பலகையில் இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி, கருப்பண்ணனை ஏற்றிக்கொண்டு போகிறது. மாதப்பனுக்குக் கட்டிய ஜீப் ஸ்டேஷன் பின்புறம் போய் நிற்கிறது. அதிலிருந்து ஓர் ஆக்சில் வேடியப்பனுக்கு எப்போது திரும்பி வரும்? வராது என்றே நினைக்கிறேன். வந்தாலும் அதை எதில் மாட்டுவார்? இந்த முடிவை எழுதும்போது, நியாயம் என்ற சொல்லை எந்த வாக்கியத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாதப்பன் சொன்னது தப்பில்லை. அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளவும்—

8

வெள்ளிக்கிழமை.

ஜீப் கடை வாசலில் நின்றது. பச்சைப் பெயின்ட், பானெட்டில் சாமந்தி மாலை. மாதப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அத்தாயி தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். யாரும் அழைக்காமலே வேடியப்பன் வந்திருந்தார், சந்தைக்கு வந்த வழியில்.

"மாதப்பண்ணனுக்காச்சும் வண்டி வந்துச்சே," என்றார். மனசாரச் சொன்னார். குனிந்து அடியில் பார்த்து, "அடிவண்டி நொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா, கெட்டியா இருக்குது" என்றும் சொன்னார்.

மாதப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

மேஜைமேல் தகரச் சீட்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் பாகத்தின் பெயர் எழுதிக் கம்பி கோத்து வைத்திருந்தான் ஏசுராஜ். எண்ணுக்கான இடமும் கையெழுத்துக்கான இடமும் காலி. தகரத்தில் எழுத ஆணி முனைபோல ஓர் எழுதுகோல் உண்டு, அதை எடுத்து ராசாத்தி கையில் கொடுத்தார் கருப்பண்ணன்.

"போடு சாமி. நல்ல நேரம் போயிரும்."

"போடு கண்ணு," என்றார் மாதப்பன்.

அவள் உட்கார்ந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? அவளுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி படுக்கும்போதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். தயங்குகிற முகமாக எழுதிப் பார்த்தேன், அந்த முகம் அவளுக்குப் பொருந்தவில்லை.

முதல் சீட்டு, கதவு. கழற்றிய வண்டியின் எண்: தெரியாது. கீழே ம. ராசாத்தி, பி.காம்.

ஸ்டியரிங் பாக்ஸ்: தெரியாது. ம. ராசாத்தி, பி.காம்.

ரேடியேட்டர்: தெரியாது.

தகரத்தில் கீறும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. கருப்பண்ணன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கியர்பாக்ஸ் சீட்டு வந்தது. அப்பாவின் பழைய வண்டி எண்ணை எழுதினாள். ஆக்சில் சீட்டு வந்தது. வாழவந்தி வண்டியின் எண்ணைச் சந்தைக்குச் சந்தை கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து, குனிந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் தானே கட்டினாள். கம்பியை இறுக்கி முறுக்கினாள், சட்டென்று யாரும் அவிழ்க்க முடியாதபடி.

முதலில் படித்தவர் மாதப்பன்தான். அத்தாயி பற்றவைத்த கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது, அவளுக்குச் சுற்ற மறந்துவிட்டது. "என்ன கண்ணு எழுதியிருக்கற?" என்று கருப்பண்ணன் சிரித்தபடியே கண்ணாடியைத் தேடினார். வேடியப்பன் ஆக்சிலில் தொங்கும் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு பூவை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார்.

சீட்டைப் படிக்க அவர் இன்னும் குனியவில்லை.

அவர் குனிவாரா, அதற்குள் மாதப்பன் கைநீட்டி அந்தக் கம்பியை அவிழ்ப்பாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கை என்னுடையது இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கும், பாதி விலைக்கு மாட்டிய ஏதோ ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் இடத்தில் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள். முழங்காலையும் சேர்த்து யோசித்து முடிவு செய்யுங்கள். அதை விட்டுவிட்டு யோசிப்பது சுலபம்.

ராசாத்தி அதைப் பார்க்க நிற்கவில்லை. எழுதுகோலை மேஜைமேல் வைத்தாள். "ராசாத்தி!" என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப்பைச் சுற்றி ரோட்டுக்கு இறங்கி, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தாள்.